கொக்கி ஊசியும் வண்ணச் சதுரமும்: சிறு கடைக்காரர்கள் அறிய வேண்டிய சில செய்திகள்



மளிகைக் கடையில் நூல் உருண்டைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சிற்றூர்களிலும் நகரத்து உட்தெருக்களிலும் உள்ள நம் கடைகளில் ஊசி, தையல் நூல், பொத்தான், நாடா, ஊக்கு எல்லாம் அரிசி பருப்போடு கூடவே இருந்து வந்தவைதாம். அந்த வரிசையில்தான் குரோஷா நூலும் சேரும். டிரான்சிஸ்டருக்கு உறை, தொலைக்காட்சிப் பெட்டிக்கு விரிப்பு, நிலைப்படிக்குத் தோரணம் என்று ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பின்னினார்கள். பிறகு அந்தப் பழக்கம் குறைந்தது. இப்போது கைப்பேசியில் படம் பார்த்து இளம்பெண்கள் கற்றுக்கொள்வதால், எங்களிடம் கொள்முதல் செய்யும் சில்லறைக் கடைக்காரர்கள் மறுபடி இதைக் கேட்கிறார்கள். ஆனால் பெரும்பாலோர் பத்து வண்ணத்தில் பத்து உருண்டை வாங்கி மாட்டி வைப்பதோடு சரி. சிவப்பு தீர்ந்து போகும், பச்சை தூசி படிந்து கிடக்கும். சரக்கின் தன்மை தெரியாமல் வாங்குவதால் வரும் வினை இது. இந்தச் சரக்கு எப்படிப் பயன்படுகிறது என்று தெரிந்துகொண்டால் எதை எவ்வளவு வாங்குவது என்பது தானே விளங்கும்.

ஸ்வெட்டர் பின்னுவதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும். குரோஷாவுக்கு நுனியில் கொக்கி உள்ள ஓர் ஊசி போதும். நூலைக் கொக்கியால் இழுத்துக் கண்ணியாக்கி, அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டே போவதுதான் முழு வித்தையும். இதை எந்திரம் செய்ய முடியாது. எந்திரத்தில் வரும் லேஸ் பார்வைக்கு இதைப்போல இருக்கும், ஆனால் அதன் பின்னல் முறை வேறு. ஆகவே குரோஷா என்று எங்கே எதைக் கண்டாலும், அது யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னியது என்று கொள்ளலாம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விலை பேசும் இடத்தில் இது மறுபடி வரும்.

இப்போது அதிகம் பின்னப்படுவது வண்ணச் சதுரம். ஆங்கிலத்தில் இதைக் கிரானி ஸ்குவேர், அதாவது பாட்டிச் சதுரம் என்பார்கள். அமெரிக்காவில் 1885-ஆம் ஆண்டிலேயே ஒரு வேளாண்மைப் பத்திரிகையில் இதன் செய்முறை அச்சாகியிருக்கிறது. மிச்சம் மீதி நூலை வீணாக்காமல் பயன்படுத்த ஏற்பட்ட சிக்கன வழி இது. நாலைந்து சங்கிலிக் கண்ணி போட்டு அதை வளையமாக இணைப்பார்கள். வளையத்துக்குள் மூன்று மூன்று நீளக் கண்ணிகளாக நான்கு கொத்துகள். கொத்துக்குக் கொத்து இரண்டு சங்கிலி விட்டால் அவை நான்கு மூலைகளாகும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்து. அதற்கடுத்த சுற்றில் மூலைக்கு இரண்டோடு பக்கத்துக்கு ஒன்று கூடும். இப்படியே வளரும். சுற்றுக்கு ஒரு வண்ணம் மாற்றினால் நடுவில் பூப்போலத் தோன்றும்.

கணக்குப் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். முதல் சுற்றில் 4 கொத்து, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12, நான்காவதில் 16. மொத்தம் 40. அதாவது நான்கு சுற்றுச் சதுரத்தில் நடு வண்ணத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நூல்தான் செல்லும். ஓர வண்ணத்துக்கு மட்டும் பத்தில் நான்கு பங்கு. பெரும்பாலோர் நடுவில் பல வண்ணங்களை மாற்றிப் போட்டாலும், பார்வைக்கு ஒழுங்காக இருக்க எல்லாச் சதுரத்துக்கும் ஓரத்தை ஒரே வண்ணத்தில் வைப்பார்கள். சதுரங்களை ஒன்றோடு ஒன்று இணைப்பதும் அதே வண்ண நூலால்தான். ஆகவே ஓர வண்ணம் பாதியை நெருங்கிவிடும். வெள்ளை, சந்தனம், கறுப்பு, அரக்கு இவையே ஓரத்துக்கு அதிகம் கேட்கப்படுபவை. ரோஜா, மஞ்சள், கிளிப்பச்சை போன்றவை நடுவுக்குப் போகும். எல்லா வண்ணத்திலும் சமமாக வாங்கி வைப்பவர் ஓர வண்ணம் தீர்ந்து, நடு வண்ணம் தேங்கி நிற்பதன் காரணம் இதுதான். நடு வண்ணம் ஒரு பங்கு என்றால் ஓர வண்ணம் நான்கைந்து பங்கு வாங்குங்கள்.

அடுத்தது லாட் நம்பர். நூலுக்குச் சாயம் ஏற்றுவது தொட்டி தொட்டியாக. ஒரே கம்பெனி, ஒரே வண்ண எண் என்றாலும் ஒரு தொட்டிக்கும் மறு தொட்டிக்கும் நூலிழை வேறுபாடு இருக்கும். உருண்டையாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் பின்னிய பிறகுதான் கண்ணை உறுத்தும். லேபிளில் வண்ண எண்ணுக்கு அருகில் லாட் எண் தனியாக இருக்கும். நம்மில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

எங்களிடம் சரக்கெடுக்கும் கடைக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். அவருடைய வாடிக்கையாளரான ஓய்வு பெற்ற ஆசிரியை, மகள் திருமணத்துக்குச் சீராக வைக்கக் கட்டில் விரிப்பு பின்னினார். ஐந்து மாத வேலை. ஓரத்துக்குச் சந்தன வண்ணம். முக்கால் பங்கு முடிந்தபோது நூல் தீர்ந்து, அதே கடையில் வாங்கினார். விரித்துப் பார்த்தால் ஒரு மூலை முழுவதும் பழுப்பேறியது போல நின்றது. அந்தக் கடைக்காரர் மேல் தவறில்லை. அவர் முழுப் பெட்டியாக வாங்கியிருந்தார், வெளியூர் சப்ளையர் ஒருவர் ஒரே பெட்டிக்குள் இரண்டு லாட்டைக் கலந்து கட்டியிருந்தார். பெயர் இங்கே வேண்டாம். ஆனால் அந்த அம்மாள் குறை சொல்ல முடிவது தம் தெருக் கடைக்காரரைத்தானே? நூலின் விலை சில நூறு ரூபாய். அவருடைய ஐந்து மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

ஆகவே பெட்டி வந்தவுடன் லாட் எண்ணைச் சரிபாருங்கள். கலந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். பெரிய வேலை தொடங்கும் வாடிக்கையாளரிடம், வேண்டிய நூலை ஒரே லாட்டில் மொத்தமாக ஒதுக்கி வைப்பதாகச் சொல்லி ஒரு சிறு முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர்ச் சீட்டு ஒட்டிய பையில் தனியாகக் கட்டி வைத்தால், மாதாமாதம் இரண்டு மூன்றாக வந்து எடுத்துப் போவார். பிரிக்காத உருண்டை மிஞ்சினால் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொல்லலாம். மிஞ்சுவது ஓரிரண்டுதான், அந்த வாக்குறுதிக்காக வருபவர் வீட்டுச் சாமானும் நம்மிடமே வாங்குவார். அப்படியும் லாட் மாறிப்போய்விட்டால், புது லாட்டை ஓரத்துக்கு விடாமல் நடுச் சுற்றுகளில் பயன்படுத்தச் சொல்லுங்கள். வேறு வண்ணம் சுற்றிலும் இருப்பதால் அங்கே வேறுபாடு தெரியாது.

எவ்வளவு நூல் வேண்டும் என்று வாடிக்கையாளர் நம்மையே கேட்பார். இதற்கு நம் கடைத் தராசு போதும். பத்துச் சதுரம் பின்னி எடுத்துவரச் சொல்லி நிறுத்துப் பாருங்கள். 60 அங்குலத்துக்கு 80 அங்குல விரிப்பு, சதுரம் 4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே 15, நெடுக்கே 20, ஆக 300 சதுரம். பத்துச் சதுரம் 80 கிராம் என்றால் 300-க்கு 2,400 கிராம். இணைப்புக்கும் கரைக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 2,640 கிராம். உருண்டையின் எடையால் வகுத்தால் எத்தனை உருண்டை என்று வந்துவிடும். ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு என்பதால் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவை நம்பக்கூடாது, அவரவர் பின்னியதை நிறுத்துச் சொல்வதே சரி. இணையத்தில் நூல் விற்பவரிடம் தராசு இல்லை. பருப்பு நிறுக்கும் நம்மிடம் இருக்கிறது.

நூலில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று பளபளப்பேற்றிய பருத்தி நூல். தோரணம், மேசை விரிப்பு, லேஸ் இவற்றுக்கு. மதுரா கோட்ஸின் ஆங்கர் நூல் நம் வீடுகளில் பழகிய பெயர். இன்னொன்று உல்லன் என்று நாம் பொதுவாகச் சொல்லும் நூல். பெயர்தான் உல்லன், பெரும்பாலும் அக்ரிலிக். லூதியானாவிலிருந்து வர்த்தமான் போன்ற கம்பெனிகள் அனுப்புகின்றன. சதுரம் பின்னக் கற்பவருக்கு இதுவே எளிது. பருத்தி நூலில் எண் கூடக்கூட நூல் மெலிதாகும். ஜவுளி வியாபாரம் தெரிந்தவர்களுக்குக் கவுண்ட் கணக்கு என்றால் புரியும். ஊசியில்தான் குழப்பம். மெல்லிய எஃகு ஊசியில் எண் கூடினால் ஊசி மெலிதாகும், அலுமினிய ஊசியிலோ மில்லிமீட்டர் கூடினால் தடிமனாகும். அக்ரிலிக் நூலுக்கு 3.5 முதல் 5 மில்லிமீட்டர் வரை வைத்துக்கொண்டால் போதும். இன்னொன்று: பின்னலின் ஆங்கிலப் பெயர்கள் பிரிட்டனில் ஒரு மாதிரி, அமெரிக்காவில் வேறு மாதிரி. அமெரிக்காவில் டபுள் குரோஷே என்பதைப் பிரிட்டனில் டிரெபிள் என்பார்கள். பழைய புத்தகமும் புதுப் படமும் ஒத்துவரவில்லை என்று யாரேனும் சொன்னால் காரணம் இதுவாகவே இருக்கும்.

சரக்கைப் பாதுகாப்பது மளிகைக் கடையில் சற்றுக் கடினம். நூல் வாசனையை உறிஞ்சும். பெருங்காயம், மிளகாய்த்தூள், ஊதுபத்தி அருகில் வைத்தால் போயிற்று. மஞ்சள்தூள் பறந்து வெள்ளை நூலில் படிந்தால் அந்த உருண்டை விலைபோகாது. மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியோ தெளிந்த பிளாஸ்டிக் டப்பாவோ வேண்டும். வெயில் படும் முகப்பில் மாட்டினால் வண்ணம் வெளுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் பருத்தி நூல் ஈரம் வாங்கும். அந்துப்பூச்சி ஆட்டு ரோம நூலைத்தான் அரிக்கும், அக்ரிலிக்கைத் தொடாது. ஆகவே அந்துருண்டை வேண்டியதில்லை. உணவுப் பொருள் இருக்கும் இடத்தில் அதை வைக்கவும் கூடாது. எலிக்கு எந்த நூலானாலும் ஒன்றுதான்.

பின்னி முடித்த பொருளையும் கடையில் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டம்ளர் அடியில் வைக்கும் சிறு விரிப்பு, சாவிக் கொத்துப் பூ, தலையணை உறை, கதவுத் தோரணம் எல்லாம் போகும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகள் தடை செய்யப்பட்டதால், காய்கறி வாங்கும் பின்னல் வலைப் பைக்கும் இடமுண்டு. கையில் சுருட்டினால் ஒரு பிடி, விரித்தால் நாலு கிலோ தாங்கும்.

இந்த இடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். நமக்கு அருகிலேயே ஆந்திரத்தில், கோதாவரி கரையோர நரசாபுரம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் சொல்லிக்கொடுத்த குரோஷா லேஸ் அங்கே பெரிய ஏற்றுமதித் தொழிலானது. 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட நூலைப் பற்றி அறிந்தவர்களுக்கு மறுபக்கமும் தெரியும். வியாபாரி நூலைக் கொடுப்பார், பெண்கள் வீட்டிலிருந்தபடி நாள் முழுதும் பின்னுவார்கள், கூலி உருப்படிக்கு இவ்வளவு. இல்லத்தரசி ஓய்வு நேரத்தில் செய்வதுதானே என்று சொல்லியே கூலியை மிகக் குறைவாக வைத்திருந்தார்கள். லாபம் நடுவில் நின்றவர்களுக்குப் போயிற்று. நடுவில் நின்றவர்கள் நம்மைப் போன்ற வியாபாரிகள்தாம்.

ஒரு சதுரத்துக்குப் பழகிய கைக்கும் கால் மணி நேரம் ஆகும் என்று கொண்டால் 300 சதுரத்துக்கு 75 மணி நேரம். இணைக்கும் வேலை தனி. நூலின் விலையோடு ஏதோ கொஞ்சம் சேர்த்து விலை வைத்தால், அந்த 75 மணி நேரமும் இலவசமாகிவிடும். ஆகவே நேரத்தைக் கணக்கிட்டு அவரையே விலை சொல்லச் சொல்லுங்கள். நம் கழிவு இவ்வளவு என்று முன்பே சீட்டில் எழுதிக் கொடுங்கள். விற்ற வாரமே பணம் கொடுங்கள். நூலைக் கடனாகக் கொடுத்துப் பொருளில் கழித்துக்கொள்வதை நாங்கள் விரும்புவதில்லை. வாங்குவது வேறு, விற்பது வேறு என்று இரண்டு நோட்டாக இருந்தால் இருவருக்கும் கணக்குத் தெளிவாக இருக்கும். இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்றால், கட்டில் விரிப்பை வாங்குபவர் சிலரே. சிறு பொருள்கள்தாம் கடைக்கு ஏற்றவை.

ஒருவர் இருவராக அல்லாமல் கூட்டமாகப் பின்னினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2016 ஜனவரியில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற மகளிர் குழுவினர், பலர் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள்.

தொடங்க நினைப்பவர்கள் முதலில் அதிகம் முடக்க வேண்டாம். ஓர வண்ணம் மூன்று, நடு வண்ணம் ஆறு, மூன்று அளவில் ஊசி, நுனி மழுங்கிய கோணி ஊசி போன்ற இணைப்பு ஊசி, இவ்வளவு போதும். பங்குனிக் கடைசியில் வாங்கி வைத்தால் கோடை விடுமுறைக்குச் சரியாக இருக்கும். பின்னிக் காட்டிய ஒரு சதுரத்தைக் கல்லாவுக்கு மேலே தொங்கவிடுங்கள். ஊசியை மட்டும் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள். நூல் வாங்கியவர் நூலுக்காக வருவதற்கு முன், தொலைந்த ஊசிக்காக ஒருமுறை வந்துவிடுவார்.