உலக சதுரங்க வாகையர் போட்டி 2013: முதல் ஆட்டம்

உலக சதுரங்க வாகையர் போட்டி 2013-இன் முதல் ஆட்டம் 2013 நவம்பர் 9 அன்று சென்னை ஹயாத் ரீஜென்சி விடுதியில் நடைபெற்றது. நார்வேயின் மாக்னசு கார்ல்சன் வெள்ளைக் காய்களுடனும், நடப்பு வாகையர் விசுவநாதன் ஆனந்த் கருப்புக் காய்களுடனும் விளையாடினர். ஆட்டம் 16 நகர்த்தல்களில் சமநிலையில் முடிந்தது.

பின்னணி

ஆனந்த் 2007 முதல் உலக வாகையராக இருந்தார். 22 வயதான கார்ல்சன் 2870 எலோ புள்ளிகளுடன் உலகத் தரவரிசையில் முதலிடம் வகித்தார். ஆனந்தின் புள்ளிகள் 2775. போட்டிக்கு 12 ஆட்டங்கள் திட்டமிடப்பட்டன. வெற்றிக்கு ஒரு புள்ளி, சமநிலைக்கு இருவருக்கும் அரைப் புள்ளி. 6.5 புள்ளிகளை முதலில் எட்டுபவர் வாகையர்.

ஆட்டத்தின் போக்கு

11ஆவது நகர்த்தலில் கார்ல்சனின் காலாள் சி5 கட்டத்துக்கு முன்னேறி, பி6-இல் இருந்த குதிரையைத் தாக்கியது. அக்குதிரை சி4-க்குத் தாவி, பி2-இல் இருந்த வெள்ளை அமைச்சரைத் தாக்கியது. அமைச்சர் தன் தொடக்கக் கட்டமான சி1-க்கே திரும்பியதால், சி3-இல் இருந்த வெள்ளைக் குதிரை காவலின்றி நின்றது. உடனே ஆனந்த் தன் மற்றொரு குதிரையை டி5-இல் வைத்து அதைத் தாக்கினார்.

வெள்ளை அரசி பி3-க்கு வந்து குதிரையைக் காத்தது. சி4 குதிரையையும் தாக்கியது. அக்குதிரை ஏ5-க்கு விலகி அரசியைத் தாக்கியது. அரசி ஏ3-க்குச் செல்ல, குதிரை சி4-க்குத் திரும்பி மீண்டும் தாக்கியது. சி3 குதிரையைக் காக்கும் பொறுப்பு இருந்ததால் அரசியால் தொலைவுக்கு விலக இயலவில்லை. ஆனந்த் சி3-இல் குதிரைகளை வெட்டிக்கொண்டு சுழற்சியை முறித்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. கருப்புக் காய்களுடன் பெறும் சமநிலை பொதுவாக நல்ல முடிவாகவே கருதப்படுகிறது.

சமநிலை விதி

ஒரே நிலை, ஒரே ஆட்டக்காரரின் முறையில், அதே நகர்த்தல் வாய்ப்புகளுடன் மூன்று முறை தோன்றினால் சமநிலை கோரலாம். அவை அடுத்தடுத்து வரவேண்டியதில்லை. இந்த ஆட்டத்தில் 13, 15ஆவது நகர்த்தல்களில் அரசி பி3-க்கு வந்தபோது தோன்றிய நிலை, 17ஆவது நகர்த்தலில் மூன்றாம் முறையாக வரவிருந்தது. அந்தக் கட்டத்தில் ஆட்டம் முடிந்தது.

பின்விளைவு

அடுத்த மூன்று ஆட்டங்களும் சமநிலையாயின. நான்காவது ஆட்டம் 64 நகர்த்தல்கள் நீடித்தது. 5, 6, 9ஆவது ஆட்டங்களில் கார்ல்சன் வென்றார். நவம்பர் 22 அன்று பத்தாவது ஆட்டமும் சமநிலையாக, அந்த அரைப் புள்ளியுடன் 6.5–3.5 என்ற கணக்கில் வாகையர் பட்டம் அவருக்குக் கிடைத்தது.