கைரேகையும் வாக்குச் சீட்டும்

நம் சித்தூருக்கு மேற்கே உள்ளது கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கு நடத்திய சுரங்கங்களை நாடிச் சித்தூர், வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து ஏழை மக்கள் பல்லாயிரவர் சென்றனர். அவருள் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானோர்.

அந்நாளில் சுரங்கத் தொழிலாளி நாடாளும் நிலை எய்துதல் கூடுமோ எனின், ஆஸ்திரேலியாவில் அது கூடிற்று. குவீன்ஸ்லாந்தின் சார்ட்டர்ஸ் டவர்ஸ் தங்கவயலில் உழைத்த ஆண்டர்சன் டாசன் 1893இல் சட்டமன்றம் புகுந்தார். 1899 டிசம்பரில் முதலமைச்சரானார். ஏழே நாள் நீடித்த அவ்வாட்சியே உலகின் முதல் தொழிற்கட்சி ஆட்சி. தோழர்களின் வாக்கு அவரை உயர்த்தியது. ஆயினும் அவ்வாக்குரிமை பெரும்பாலும் வெள்ளை ஆடவர்க்கே உரியதாயிருந்தது.

மைசூர் சமஸ்தானத்திலோ வாக்குரிமை பெரும்பாலும் சொத்துடையோர்க்கே. ஆகவே தங்கவயலில் தொழிலாளர் அரசியல் வேலைநிறுத்தத்திற் பிறந்தது. 1930இல் தொழிலாளர் கைரேகை பதிய வேண்டும் என்னும் ஏற்பாடு வந்தது. குற்றவாளியிடம் பெறும் அடையாளத்தை உழைப்பவனிடம் பெறுவதா என்று அவர்கள் கொதித்தெழுந்தனர். பெயர்பெற்ற தலைவர் எவரும் இன்றியே ஏப்ரலில் 21 நாள் வேலை நின்றது. அந்த ஏற்பாடும் கைவிடப்பட்டது.

1940களில் கே. எஸ். வாசன் முதலியோர் தொழிற்சங்கத்தை வளர்த்தனர். 1946 நவம்பர் 4இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அறுவர் உயிர் துறந்தனர். சுதந்திரத்துக்குப்பின் வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வரவே, சி. எம். ஆறுமுகம் போன்றோர் தங்கவயலின் பிரதிநிதிகளாக மைசூர் சட்டமன்றம் சென்றனர்.

சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. எனினும், வாக்குரிமை வருமுன்னரே தம் மானத்தைத் தாமே காத்துக்கொண்ட அம்மக்களை நாம் மறத்தலாகாது.