வரி ஒன்றானால் நியாயம் ஆகிடுமா?

சாத்தூர், சிவகாசி பக்கம் மானாவாரி செய்யும் எங்களுக்கு, மழை ஏமாத்தினா கஞ்சி ஊத்துறது தீப்பெட்டியும் பட்டாசும்தான். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18. பல கைகளுக்கு வேலை தரும் தொழிலுக்கு வரி குறைவு என்ற நியாயம் அதில் இருந்தது. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் 5. வரி குறைந்தது நல்லதுதான். ஆனா, கைவேலைக்கு இருந்த பாதுகாப்பு போயிடுச்சு.

நம்ம இடுபொருள் கதையும் இதுதான். யூரியாவுக்கு 5 சதவீதம் இருந்தபோது சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பம் பூச்சிவிரட்டிகளுக்கு 12 கட்டினோம். அதே செப்டம்பரில் இவையும் 5-க்கு வந்தன. இப்போ சமமா? இல்லை. யூரியாவுக்கு மானியமும் இருப்பதால் 45 கிலோ மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. விளைச்சலை வரியில்லாமல் விற்கும் உழவர், இடுபொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை.

கடையில் பில் கேட்டு வாங்குங்க; 12 போட்டிருந்தா விடாதீங்க. பஞ்சகவ்யா, அமுதக்கரைசலை வீட்டிலேயே செய்தால் அந்த 5-ம் மிச்சம். மண்ணைக் காக்கிற உழவுக்கும் மானியத்தில் பங்கு வேணும்னு கிராம சபையில் கேளுங்க.