ஸ்கேன் படத்தில் வலி தெரியாது

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பிரித்துப் படிப்பவரை முதலில் அடிப்பது வலியல்ல, அதில் எழுதியிருக்கும் சொற்கள். பிதுக்கம், தேய்மானம், நீர் வற்றல், நரம்பு அழுத்தம். எங்கள் தெருவில் சரக்கு ஆட்டோ ஓட்டும் நண்பர் அந்தப் பெரிய கவரை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு, "எல்4, எல்5ல ஜவ்வு விலகிடுச்சாம் சார். இனிமே இடுப்பு அவ்ளோதானா?" என்றார். உட்கார முடியாமல் நின்றபடியேதான் குடித்தார். இடது பிட்டத்தில் கிளம்பி, கெண்டைக்கால் வழியாகக் கட்டைவிரல் வரை சுரீர் சுரீரென்று இழுக்கிறதாம்.

நான் டாக்டர் இல்லை; மருத்துவம் பற்றிப் படித்து எழுதுகிறவன். அதனால் பதில் சொல்வதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்டேன். ஒன்றுக்குப் போகாமல் அடைத்துக்கொள்கிறதா? சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போயிருக்கிறதா? இரண்டு காலிலும் பலம் குறைகிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் டீயை வைத்துவிட்டு நேராகப் பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடம் முடிந்தபின் கீழே இறங்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம் இது. சில மணி நேரத் தாமதம்கூடச் சிறுநீர்ப் பையை நிரந்தரமாகப் பாதிக்கலாம். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், ராத்திரிப் படுத்தாலும் விடாத வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, வயதானவர் கீழே விழுந்தபின் தொடங்கிய வலி ஆகியவையும் சாதாரண இடுப்புவலிக் கணக்கில் சேராது. நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயையும் மறந்துவிடக் கூடாது. இளவயதில் காலையில் அரை மணிக்கு மேல் இடுப்பு விறைத்திருந்து, நடமாடினால் சரியாகிறது என்றால் அது வாதச் சிகிச்சை மருத்துவர் பார்க்க வேண்டிய வேறு நோயாக இருக்கலாம்.

நண்பருக்கு இதில் எதுவுமில்லை. குதிகாலில் நின்று பாதத்தைத் தூக்கச் சொன்னேன். வலியோடு என்றாலும் தூக்கினார். சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

1994இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. இடுப்புவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 52 பேருக்கு, ஒரு டிஸ்க்காவது (நண்பர் சொன்ன அந்த ஜவ்வு) பிதுங்கியிருந்தது. 2015இல் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்குப் பிதுக்கம், 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். எண்பது வயதில் அவை 84, 96 சதவீதம். ஆகவே ரிப்போர்ட்டில் தேய்மானம் என்று இருந்தால் அதில் பாதி உங்கள் வயதைத்தான் சொல்கிறது. ஸ்கேன் வீண் என்று சொல்லவில்லை. கால் பலம் குறைந்தால், அறுவை சிகிச்சை பற்றி யோசித்தால், நான் சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவது இருந்தால் அது வேண்டும். வலி வந்த மூன்றாம் நாளே எடுப்பதுதான் பெரும்பாலும் பணத்தையும் தூக்கத்தையும் ஒன்றாகக் கெடுக்கிறது.

"அப்போ என் வலி பொய்யா சார்?"

இல்லை. உங்கள் விஷயத்தில் படமும் வலியும் பொருந்துகின்றன. இடுப்பில் ஐந்து எலும்புகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு டிஸ்க். அதைக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே கெட்டியான உறை, உள்ளே மெதுவான பூரணம். உறையில் விரிசல் விட்டால் பூரணம் பின்பக்கமாகப் பிதுங்கும். அங்கேதான் காலுக்கு இறங்கும் நரம்பின் வேர் இருக்கிறது. நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே பிதுங்கினால் பெரும்பாலும் மாட்டுவது ஐந்தாம் வேர்; அதன் வலி கட்டைவிரல் வரை போகும். அழுத்தம் மட்டுமல்ல, வெளியே வந்த பொருள் கிளப்பும் அழற்சியும் நரம்பைக் கொதிக்கவைக்கிறது. டிஸ்க் பிதுங்கி இப்படிக் கால்வலி வரும் என்று 1934இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதிய பிறகுதான் அதை அறுத்து எடுக்கும் வழக்கம் பரவியது.

பலருக்குத் தெரியாத நல்ல செய்தி ஒன்று உண்டு. வெளியே வந்த துண்டை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து, பல நேரங்களில் மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. அதுவும் பெரிதாக உடைத்துக்கொண்டு வெளியே வந்ததுதான் அதிகம் சுருங்குகிறது. 2007இல் நெதர்லாந்தில் கடுமையான கால்வலிக்காரர்கள் 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை. மறு பாதி பொறுத்துப் பார்ப்பது. அறுவை செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்து இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன. பொறுத்துப் பார்த்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் தாங்க முடியாமல் இடையில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அறுவை சிகிச்சை தோல்வியும் அல்ல, அவசரமும் அல்ல. ஆறு, எட்டு வாரம் பார்த்தும் தூக்கமில்லை, பிழைப்பு நடக்கவில்லை என்றால் அது நியாயமான வழி. கால் பலம் நாளுக்கு நாள் குறைந்தால் அந்த ஆறு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

அந்த வாரங்களை ஓட்டுவது எப்படி என்பதுதான் பாடு. முதல் இரண்டு மூன்று நாள் வலி ஆளைச் சாய்த்துவிடும். தரையில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்வது பலருக்கு இதமாக இருக்கும். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. எழுந்திருக்கும்போது நேராக எழ முயலாமல், ஒரு பக்கம் புரண்டு கையை ஊன்றி எழ வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை என்றால் சில நாளைக்கு நடுவில் ஓட்டை உள்ள கமோடு நாற்காலி வாங்கிக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெந்நீர் ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், நொச்சித் தழை ஒத்தடம் எதுவானாலும் சூடு தசையைத் தளர்த்தித் தற்காலிக சுகம் தரும். சர்க்கரை நோயால் தோல் மரத்தவர்கள் மட்டும் ஜாக்கிரதை, சுட்டது தெரியாமல் கொப்புளித்துவிடும்.

படுத்தே கிடப்பதுதான் வைத்தியம் என்று நம் வீடுகளில் இன்னும் நம்புகிறார்கள். டாக்டர்களும் ஒரு காலத்தில் வாரக்கணக்கில் படுக்கச் சொன்னவர்கள்தான். 1986இல் இரண்டு நாள் படுக்கையையும் ஏழு நாள் படுக்கையையும் ஒப்பிட்டார்கள். ஏழு நாளால் கூடுதல் பலன் ஏதுமில்லை, வேலை நாள்தான் போனது. 1995இல் ஹெல்சிங்கியில் இடுப்பு பிடித்த மாநகராட்சி ஊழியர்களிடம் பார்த்தபோது, வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமான வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். டிஸ்க்குக்கு நேரடி ரத்தக்குழாய் கிடையாது. சுற்றிலுமிருந்து ஊறித்தான் அதற்குச் சத்து வர வேண்டும், அதற்கு அசைவு வேண்டும். அதனால் ஒரு மணிக்கு ஒருமுறையாவது எழுந்து வாசல் வரை நடங்கள். நடக்கும்போது வலிப்பதாலேயே உள்ளே ஏதோ கிழிகிறது என்று அர்த்தமில்லை. ஆனால் கால்வலி இன்னும் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனால் அன்றைக்கு வேகத்தைக் குறையுங்கள்.

மாத்திரை விஷயம் சுருக்கமாக. பாராசிட்டமால் திடீர் இடுப்புவலிக்கு வெற்று மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை என்று 2014இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையறா ஓரளவு கேட்கும். ஆனால் வயிற்றுப் புண், ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. மெடிக்கலில் அட்டையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்களே, அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அன்றைக்குச் சொர்க்கம்தான், சர்க்கரை அளவு ஏறும்போதுதான் தெரியும். என்ன மாத்திரை என்று பேர் தெரியாததை விழுங்காதீர்கள்.

"எங்க ஊர்ல கால் முதல்ல வந்து பொறந்த ஒருத்தர் இருக்காரு. மிதிச்சா போயிடும்னாங்க" என்றார் நண்பர். அவருக்கு நல்ல பேர் இருப்பதில் ஆச்சரியமில்லை. சாதாரணப் பிடிப்பு யார் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் பெரும்பாலும் சில வாரத்தில் தானே விடும், கடைசியாக யார் கால் பட்டதோ அவருக்குப் பெருமை. சாதாரணப் பிடிப்பில் மெதுவாகத் தொட்டு எடுத்தால் நஷ்டமில்லை. கால் வரை இழுக்கும் வலியில் முதுகில் ஏறி மிதிக்க மட்டும் விடாதீர்கள்.

வலி விட்ட பிறகு திரும்ப வராமல் இருக்க என்ன செய்வது? விலை உயர்ந்த மெத்தையும் பெல்ட்டும் விற்பவர்களுக்கு இந்தப் பதில் பிடிக்காது. 2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப நடுமட்டமாக 208 நாள் ஆனது. ஒன்றும் செய்யாதவர்களுக்கு 112 நாள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேர நடை என்பதுதான் அங்கே இலக்கு.

நண்பரின் கணக்கு வேறு. வண்டி ஓடாத நாளுக்கு வருமானம் இல்லை. பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடிகிற அன்று, முதலில் அரை நாள் சவாரி எடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நாலு எட்டு நடந்துவிட்டு ஏறுங்கள். மூட்டை ஏற்ற ஒரு மாதம் கூலி ஆள் வையுங்கள். பிறகு சிறிய மூட்டையில் தொடங்கி, உடம்போடு ஒட்டிப் பிடித்து, வாராவாரம் எடையைக் கூட்டுங்கள். பெல்ட்டை வீட்டிலேயே வைத்துவிடலாம்.