அடெல் செட்ரா

அடெல் எஸ். செட்ரா (பிறப்பு: 1943) எகிப்தில் பிறந்த கனடிய மின்பொறியியலாளர், பேராசிரியர், பல்கலைக்கழக நிருவாகி ஆவார். ஒப்புமை (அனலாக்) மின்னணுவியலில் 'கரண்ட் கன்வேயர்' என்னும் சுற்றைக் கென்னத் சி. சுமித்துடன் இணைந்து உருவாக்கினார். இவ்விருவரும் எழுதிய 'மைக்ரோஎலக்ட்ரானிக் சர்க்யூட்ஸ்' உலகின் பல நாடுகளில் பாடநூலாக உள்ளது. தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்களுக்கும் இது 'செட்ரா-சுமித்' என்ற பெயரில் அறிமுகமான நூல்.

கல்வியும் தொடக்கப் பணியும்

செட்ரா 1964-இல் கெய்ரோ பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் கனடா சென்று, டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1968-இல் முதுநிலைப் பட்டமும் 1969-இல் முனைவர் பட்டமும் பெற்றார். 1969-இல் அங்கேயே ஆசிரியப் பணியில் சேர்ந்து, 1978-இல் பேராசிரியரானார்.

கரண்ட் கன்வேயர்

செட்ரா மாணவராக இருந்தபோதே இந்தச் சுற்று உருவானது. இதன் முதல் வடிவத்தைச் சுமித்தும் செட்ராவும் 1968-இல் வெளியிட்டனர். மேம்பட்ட இரண்டாம் தலைமுறை வடிவம் 1970-இல் வெளிவந்தது.

இரண்டாம் வடிவத்துக்கு எக்ஸ், ஒய், இசட் என மூன்று முனைகள் உண்டு. இதன் செயல்பாட்டை மூன்று விதிகளில் கூறலாம்:

1. ஒய் முனை மின்னோட்டம் எதையும் எடுப்பதில்லை.
2. ஒய் முனையில் உள்ள மின்னழுத்தமே எக்ஸ் முனையிலும் தோன்றும்.
3. எக்ஸ் முனையில் பாயும் மின்னோட்டத்தின் அதே அளவு இசட் முனையிலும் கிடைக்கும். இசட் முனையின் மின்னழுத்தம் எதுவாயினும் இந்த அளவு மாறாது.

ஓர் எடுத்துக்காட்டு: எக்ஸ் முனைக்கும் நிலத்துக்கும் இடையே 1 கிலோ ஓம் மின்தடையை இணைத்து, ஒய் முனைக்கு 1 வோல்ட் கொடுப்போம். எக்ஸ் முனையிலும் 1 வோல்ட் தோன்றுவதால், ஓமின் விதிப்படி மின்தடையில் 1 மில்லி ஆம்பியர் பாயும். அதே 1 மில்லி ஆம்பியர் இசட் முனையில் கிடைக்கும். இவ்வாறு மின்னழுத்தம் மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. பெருக்கி, வடிகட்டி, அலையாக்கி ஆகியவற்றையும் இதைக் கொண்டு அமைக்கலாம்.

ஆயினும் இச்சுற்று உடனடியாகத் தொழில்துறையில் பரவவில்லை. அப்போது ஆப்-ஆம்ப் தொகுசுற்றுகள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தன. பொறியாளர்கள் அவற்றுக்கே பழகினர். கரண்ட் கன்வேயரைச் சிறப்பாகச் செய்யத் தேவையான தரமான பிஎன்பி டிரான்சிஸ்டர்களை அன்றைய தொகுசுற்றுத் தொழில்நுட்பம் தரவில்லை. தொழில்நுட்பம் வளர்ந்த பின்னரே இக்கருத்து மீண்டும் கவனம் பெற்றது. அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடி844 தொகுசுற்றின் உள்ளே இரண்டாம் தலைமுறைக் கரண்ட் கன்வேயரின் அமைப்பே உள்ளது. 1990-இல் செட்ராவே வேறு இருவருடன் சேர்ந்து இதன் வரலாற்றையும் வளர்ச்சியையும் விளக்கும் கட்டுரையை எழுதினார்.

பாடநூல்

'மைக்ரோஎலக்ட்ரானிக் சர்க்யூட்ஸ்' நூலின் முதல் பதிப்பு 1982-இல் வெளிவந்தது. ஆப்-ஆம்ப்பின் உட்புறத்தை விளக்குவதற்கு முன்பே அதை ஒரு முழுமையான உறுப்பாகக் கொண்டு சுற்று அமைக்க இந்நூல் கற்றுத்தருகிறது. இதனால் மாணவர் பாடத்தின் தொடக்கத்திலேயே பயனுள்ள சுற்றுகளை வடிவமைக்க முடிகிறது. அதன் பிறகே டையோடு, டிரான்சிஸ்டர் ஆகியவை விரிவாக வருகின்றன.

தொழில்துறை மாறியபோது நூலும் மாறியது. முந்தைய பதிப்புகளில் இருமுனைச் சந்தி டிரான்சிஸ்டர் முதலில் இடம்பெற்றது. 2004-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் மாஸ்ஃபெட் முன்னுக்கு வந்தது. எட்டாம் பதிப்பில் டோனி சான் கரூசோன், வின்சென்ட் காடெட் ஆகியோரும் இணையாசிரியர்களாயினர்.

கல்வித் தலைமை

செட்ரா 1986 முதல் 1993 வரை டொராண்டோவில் மின்பொறியியல் துறைத் தலைவராகவும், 1993 முதல் 2002 வரை பல்கலைக்கழகத்தின் துணைத் தலைவராகவும் புரொவோஸ்டாகவும் பணியாற்றினார். கல்வித் திட்டம், ஆசிரியர் நியமனம், நிதிப் பங்கீடு ஆகியவற்றுக்குப் பொறுப்பான முதன்மைக் கல்வி அலுவலரே புரொவோஸ்ட்.

அது நெருக்கடியான காலம். ஒண்டாரியோ மாகாண அரசு பல்கலைக்கழக நிதியைக் குறைத்தது. மாணவர் கட்டணம் உயர்ந்தது. ஏழை மாணவருக்குக் கதவு அடைபடுமோ என்ற கேள்வி எழுந்தது. செட்ரா புரொவோஸ்டாக இருந்த 1998-இல் பல்கலைக்கழகம் ஒரு நிதி உதவிக் கொள்கையை ஏற்றது. சேர்க்கை பெற்ற எந்த மாணவரும் பணமில்லாத காரணத்தால் படிப்பில் சேரவோ அதை முடிக்கவோ இயலாமல் போகக்கூடாது என்பதே அதன் சாரம்.

2003 முதல் 2012 வரை செட்ரா வாட்டர்லூ பல்கலைக்கழகப் பொறியியல் புலத்தின் தலைவராக (டீன்) இருந்தார். நானோ தொழில்நுட்பப் பொறியியல் இளநிலைப் படிப்பு 2005-இல் அங்குத் தொடங்கியது. மாணவர்கள் தாங்கள் வடிவமைத்தவற்றைத் தம் கையாலேயே செய்து பார்க்கும் கூடம் ஒன்றும் அங்கு உள்ளது. அது இன்று 'செட்ரா மாணவர் வடிவமைப்பு மையம்' என்று அவர் பெயரால் வழங்குகிறது.

சிறப்புகள்

ஐஇஇஇ அமைப்பு 1984-இல் செட்ராவைத் தன் ஃபெலோவாகத் தெரிவு செய்தது. 1996-இல் கல்விப் பணிக்கான பதக்கத்தையும் அளித்தது.