கழித்துப்போடும் எலும்பே கூரையாகிறது

முப்பது, நாற்பது வயதில் தொடையிடுக்கில் வலி. மாடி ஏறினால் கூடுகிறது, தாங்கித் தாங்கி நடக்க வைக்கிறது. முதுகுவலி என்று நினைத்து மாத்திரையிலேயே சில ஆண்டுகளை ஓட்டியவர்கள் உண்டு. எக்ஸ்-ரே எடுத்தால்தான் தெரியும், கோளாறு குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது என்று.

தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் அமர்ந்து சுழல்கிறது. அந்தக் குழி ஆழமாக வளராவிட்டால், தலையின் ஒரு பகுதி கூரையின்றி வெளியே நிற்கும். உடல் எடை முழுவதும் குறுகலான விளிம்பில் இறங்குவதால் குருத்தெலும்பு சீக்கிரமே தேய்ந்துவிடும். இதுதான் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு. பெண்களிடம் இது அதிகம்.

தேய்ந்த மூட்டை மாற்றும் நவீன அறுவை சிகிச்சைக்கு 1962இல் வழிவகுத்தவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. ஆனால் ஆழமில்லாத குழியில் செயற்கைக் கிண்ணத்தைப் பொருத்த மேற்புறத்தில் எலும்பு வேண்டுமே! பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் ஹாரிஸ் குழுவினர் 1977இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது. மூட்டு மாற்றும்போது நோயாளியின் தொடை எலும்புத் தலையை எப்படியும் வெட்டி எடுத்தாக வேண்டும். அதைக் கழித்துப்போடாமல், குருத்தெலும்பைச் சுரண்டி, அளவாகச் செதுக்கி, குழியின் மேல்விளிம்பில் திருகாணிகளால் இறுக்கினார்கள். பிறகு இரண்டையும் சேர்த்துக் குடைந்து கிண்ணத்தைப் பதித்தார்கள்.

தொடக்க ஆண்டுகளில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில், அதே குழுவின் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிண்ணம் தளர்ந்திருந்தது. காரணம் இதுதான்: இடம் மாறிய எலும்பின் செல்களில் பெரும்பாலானவை இறந்துவிடும். மிஞ்சுவது வெறும் சாரக்கட்டு. பக்கத்து எலும்பிலிருந்து ரத்தக் குழாய்கள் அதற்குள் மெல்ல ஊடுருவ, பழைய எலும்பு அரிக்கப்பட்டு அந்த இடத்தில் புது எலும்பு படிகிறது. தடித்த துண்டின் உள்ளாழம் வரை இந்த வேலை எட்டுவதில்லை. எட்டாத பகுதி எடை தாங்காமல் நொறுங்குகிறது.

இந்தத் தோல்வி தந்த பாடம் தெளிவானது. கிண்ணத்தின் பெரும்பகுதி நோயாளியின் சொந்தக் குழியிலேயே உட்கார வேண்டும். ஒட்டு எலும்பு மிச்ச இடைவெளியை மட்டும் மூட வேண்டும். சிமென்ட் இல்லாமல், எலும்பே உள்ளே வளர்ந்து பற்றிக்கொள்ளும் நுண்துளை உலோகக் கிண்ணங்கள் வந்தபின் பலன் வெகுவாக மேம்பட்டது. ஒட்டு எலும்பால் இன்னொரு லாபமும் உண்டு: இளவயதில் மூட்டு மாற்றியவருக்குப் பிற்காலத்தில் மறுபடி மாற்ற நேர்ந்தால், பிடித்துக்கொள்ள எலும்பு இருக்கும்.

இருந்தாலும், இந்த அறுவைக்கே அவசியமில்லாமல் செய்ய முடிந்தால் அதுவே மேல். குழந்தையின் கால்களை நீட்டிவைத்து இறுக்கிச் சுற்றும் வழக்கத்தை ஜப்பான் 1970களில் பிரசாரம் செய்து மாற்றியபோது, இந்தக் குறைபாடு வெகுவாகக் குறைந்தது. கால்கள் அகன்றிருக்க இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்ளும் நம் வழக்கம் மூட்டுக்கு நல்லது. அதை விட்டுவிட வேண்டாம். வயிற்றில் தலை மேலாக இருந்த குழந்தைக்கும், குடும்பத்தில் இந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கும் ஆறாவது வாரவாக்கில் இடுப்பு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அந்த வயதில் பெரும்பாலும் ஒரு பட்டைக் கட்டே மூட்டைச் சரியாக்கிவிடும்.