மார்பிள் கட்டரில் மரம் அறுப்பதா? விரலைக் காக்கும் ‘தண்டவாள’ ரம்பம்!

மார்பிள் அறுக்கும் மெஷினில் மர பிளேடை மாட்டி பிளைவுட் அறுக்கும் பழக்கம் சின்னச் சின்ன பட்டறைகளில் பரவிக் கிடக்கிறது. கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும்!

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில், பாறையைக் குடைந்து சிவன் கோவில் அமைத்த ஊர். பல்லவ மன்னன் நந்திவர்மன் காலத்து, 8-ம் நூற்றாண்டுக் குடைவரை அது. குதிரைகள் இழுக்கும் தேர் போன்ற கல் மண்டபமும் அங்கே உண்டு.

கரண்டு இல்லாத காலத்தில் உளியாலேயே நேர்கோடு பிடித்தார்கள். இன்று இப்படிப்பட்ட ஊர்களில் கட்டில், பீரோ செய்யும் ஆசாரிக்கு 8 அடி பலகையை நேராக அறுப்பதே பெரும்பாடு.

ஆபத்து எங்கே?

மார்பிள் கட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்று வரை, அதற்கு மேலும் சுற்றும். கல்லுக்காகச் செய்த மெஷின் அது. அதில் பல் வைத்த பிளேடு ஓடுகிறது. கீழ்ப்பக்கம் பிளேடு திறந்தே கிடக்கும். அறுபட்ட பலகை பிளேடைக் கவ்வினால் மெஷின் பின்பக்கம் எகிறும். குறுக்கே இருப்பது கையா, தொடையா என்று அது பார்க்காது.

இதற்கு மாற்றுதான் ‘டிராக் சா’. அலுமினிய தண்டவாளத்தைக் கோட்டின்மேல் வைத்து, அதன்மேல் மெஷினைத் தள்ள வேண்டும். ரயில் மாதிரி தடம் மாறாமல் ஓடும். அமுக்கினால்தான் பிளேடு இறங்கும். அழுத்தத்தை விட்டால் கூட்டுக்குள் ஏறிவிடும். தண்டவாள ஓரத்து ரப்பர் பட்டை பலகையை அமுக்கிப் பிடிப்பதால் சிலாம்பு கிளம்புவதும் குறைவு.

வாங்குமுன் கவனிக்க!

முதலில் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல, தண்டவாளத்தை. பிளைவுட் நீளம் 2,440 மில்லிமீட்டர். பல மெஷின்களுடன் வரும் தண்டவாளம் 1,400 மில்லிமீட்டர்தான். குறுக்கே 4 அடி அறுக்கலாம், நீளவாட்டில் எட்டாது. இரண்டை இணைக்க வேண்டும், அல்லது 3 மீட்டர் தண்டவாளம் வாங்க வேண்டும். ஒரு கம்பெனி மெஷின் இன்னொரு கம்பெனி தண்டவாளத்தில் ஏறாமலும் போகலாம். கடையிலேயே ஏற்றிப் பார்த்து வாங்குவது நல்லது.

அடுத்து ஆழம். 165 மில்லிமீட்டர் பிளேடு போட்ட மெஷின் சுமார் 55 மில்லிமீட்டர் அறுக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு இது தாராளம்.

மைக்கா ஒட்டிய பலகைக்கு 48 பல் பிளேடு. தேக்குக் கட்டையை நீளவாட்டில் அறுக்க பல் குறைந்த பிளேடு.

பட்டறையோடு வேலை என்றால் ஒயர் மெஷினே போதும். வீடுவீடாகப் போய் அறுப்பவருக்கு பேட்டரி மெஷின் வசதி.

தூசி உறிஞ்சும் குழாய் மாட்ட வழி இருக்க வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் அறிவித்திருக்கிறது.

எல்லாம் செய்யுமா?

செய்யாது. ஒல்லிச் சட்டங்களை வரிசையாக அறுக்க டேபிள் ரம்பமே தோது. பெரிய பலகையை உடைக்கத்தான் இது. அறுக்கும்போது பலகைக்கு அடியில் முழுக்க தெர்மாகோல் ஷீட் விரித்தால் பலகை தொங்காது, பிளேடையும் கவ்வாது.

விலை மார்பிள் கட்டரைப் போல பலமடங்குதான். ஆனால், பலகை கெட்டால் கடையில் வேறு வாங்கலாம். விரலை எந்தக் கடையில் வாங்குவது?